குடும்பம் கூடும் நாட்களில் மனதைப் பார்த்துக்கொள்வது எப்படி

பெட்டியில் துணிகளை அடுக்கி முடித்து ஜிப்பை இழுக்கும் நேரத்தில்தான் எனக்கு வயிறு பிசைய ஆரம்பிக்கும். அதுவரை மகளின் துணி, மாத்திரை, சார்ஜர் என்று கை ஓடிக்கொண்டே இருக்கும். ஜிப் மூடியதும் நாளைக்கு அங்கே இருப்போம் என்பது உறைக்கும்.

பண்டிகை விடுமுறைக்கு நாங்கள் எல்லாரும் அம்மா வீட்டில் கூடுவோம். அப்பா போய் நான்கு வருடம் ஆகிறது. கடைசி ஆறு வருடம் அவரும் என் தம்பியும் பேசிக்கொள்ளவில்லை. ஒரே கூடத்தில் உட்கார்ந்துகொண்டு என் வழியாகத்தான் தண்ணீர் கூடக் கேட்பார்கள். இப்போது அப்பா இருந்த இடத்தில் அம்மா. தம்பி தன் பழைய இடத்திலேயே இருக்கிறான். நடுவில் வழக்கம்போல நான்.

அப்பா போன பிறகு வந்த இரண்டு விடுமுறையிலும் திரும்பி வந்து ஒரு வாரம் படுத்துக் கிடந்தேன். அதற்கப்புறம் ஓர் உளவியல் ஆலோசகரிடம் எட்டு மாதம் போனேன். அங்கே கற்றது, தேடிப் படித்தது, நானே செய்து பார்த்தது எல்லாம் கலந்ததுதான் இது. முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மூன்று நாளில் ஒரு குடும்பத்தைச் சரிசெய்ய யாராலும் முடியாது. அந்தப் பொறுப்பை இறக்கி வைத்த வருடத்திலிருந்துதான் எனக்கு அந்த வீட்டில் மூச்சு விட முடிந்தது. உங்களைப் பார்த்துக்கொள்வது மட்டும்தான் அங்கே உங்கள் வேலை. அந்த வேலை பெட்டி கட்டுவதற்கு முன்பே தொடங்குகிறது.

போன வருடத்தை மணிவாரியாக எழுதுங்கள்

"பண்டிகை என்றாலே பயமாக இருக்கிறது" என்று சொன்னால் அதை வைத்து எதுவும் செய்ய முடியாது. எந்த நாள், எந்த நேரம், எந்த அறை, யார் என்ன சொன்னார்கள் என்று எழுதுங்கள். நான் எழுதியபோது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. மூன்று நாளும் கொடுமை என்று நினைத்திருந்தேன். தாளில் மூன்றே இடங்கள்தான் வந்தன: இரண்டாம் நாள் மதியம், சாப்பிட்டுவிட்டு எல்லாரும் சாய்ந்திருக்கும்போது பெரியம்மா கேட்கும் கேள்விகள்; இரவில் அம்மாவோடு சமையலறையில் தனியாக நிற்கும் அரைமணி நேரம்; கிளம்பும் காலை. மொத்தமாகக் கூட்டினால் இரண்டு மணி நேரம் கூட வரவில்லை. மீதி நேரம் முழுக்க அந்த இரண்டு மணி நேரத்துக்குப் பயந்துகொண்டே இருந்திருக்கிறேன்.

ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற உளவியலாளர் 1986இல் வெளியிட்ட ஆய்வில் மாணவர்களைத் தொடர்ந்து நான்கு நாள், நாளுக்குப் பதினைந்து நிமிடம் தங்கள் வாழ்க்கையின் கசப்பான அனுபவங்களைப் பற்றி எழுத வைத்தார். நடந்ததையும் அதில் தாங்கள் உணர்ந்ததையும் சேர்த்து எழுதியவர்கள் அடுத்து வந்த மாதங்களில் மருத்துவ மையத்துக்குப் போனது குறைந்தது. ஆனால் எழுதி முடித்த கையோடு அவர்களுக்கு மனம் கனத்துத்தான் போயிருந்தது. அதனால் இந்த வேலையைக் கிளம்பும் முந்தின இரவு வைத்துக்கொள்ளாதீர்கள். பத்து நாள் முன்னாடியே எழுதிவிடுங்கள். கனம் இறங்க நேரம் வேண்டும்.

எழுதியானதும் ஒவ்வோர் இடத்துக்கும் ஒரே ஒரு வரி: "இது நடந்தால், நான் இதைச் செய்வேன்." பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் இப்படிப்பட்ட திட்டங்களை நிறைய ஆராய்ந்திருக்கிறார். "நான் பொறுமையாக இருப்பேன்" என்ற பொதுவான தீர்மானத்தைவிட, இந்தக் கட்டம் வந்தால் இந்தச் செயல் என்று முன்கூட்டியே முடிச்சுப் போட்டு வைப்பது கைகொடுக்கிறது என்பது அவர் கண்டது. அந்தக் கட்டம் வரும்போது உட்கார்ந்து யோசிக்க வேண்டியதில்லை. முடிவு ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது.

என் வரி இது. நான் வேலையை விட்டதைப் பற்றிப் பெரியம்மா கேட்டால், "யோசிச்சுத்தான் விட்டேன் பெரியம்மா, அடுத்தது முடிவானதும் உங்களுக்குச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து தண்ணீர் எடுக்கப் போவேன். கணவரைப் பெரியம்மாவாக உட்கார வைத்து நான்கு தடவை சொல்லிப் பார்த்தேன். வாய்க்குப் பழகாத வாக்கியம் அந்த நேரத்தில் வராது. இன்னொன்றும் கவனித்தேன். காரணம் சொல்லச் சொல்லக் கேள்வி கூடும். "மேலாளரோடு ஒத்துவரவில்லை" என்றால் "எல்லா இடத்திலும் அப்படித்தானே" என்று வரும். காரணம் சொல்லாத பதில்தான் மரியாதையும் கெடாமல் பேச்சையும் முடிக்கிறது.

வரும் நேரத்தையும் கிளம்பும் நேரத்தையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்

ஃபோனிலேயே சொல்லுங்கள். அங்கே போய்ச் சொன்னால் அது சண்டையாகிவிடும். "பார்க்கலாம்", "முடிஞ்சா இருக்கோம்" எல்லாம் வேண்டாம். நான் சொன்னது: "வெள்ளிக்கிழமை சாயங்காலம் வர்றோம்மா, ஞாயித்துக்கிழமை காலையில பத்து மணிக்குக் கிளம்புறோம்." அம்மா அழுதாள். பத்து நிமிடம் லைனிலேயே இருந்தேன், சமாதானம் சொல்லவில்லை, நேரத்தையும் மாற்றவில்லை. "உனக்குக் கஷ்டமாத்தான் இருக்கும்மா, தெரியுது" என்று மட்டும் சொன்னேன்.

எல்லை என்றால் மற்றவர் எப்படி நடக்க வேண்டும் என்று சட்டம் போடுவது என்று நெடுநாள் நினைத்திருந்தேன். "இனிமேல் அதைப் பற்றிப் பேசக் கூடாது" என்று ஒரு வருடம் சொல்லியும் பார்த்தேன், ஒருவரும் கேட்கவில்லை. எல்லை என்பது நான் என்ன செய்வேன் என்பதைப் பற்றியது. பேச்சு அங்கே போனால் நான் எழுந்து போவேன், பத்து மணிக்குக் கிளம்புவேன் என்பது மாதிரி. இதற்கு யாருடைய சம்மதமும் தேவையில்லை.

முடிந்தால் சொந்த வண்டியில் போங்கள், அல்லது திரும்பும் டிக்கெட்டைக் கையில் வைத்திருங்கள். தனியாகத் தங்க வசதி இருந்தால் தங்குங்கள். எங்களால் முடியவில்லை. அதற்குப் பதிலாக, தினம் காலையில் நானும் மகளும் ஒரு மணி நேரம் நடந்துவிட்டு வருகிறோம். "அம்மாவும் பொண்ணும் வாக்கிங் போறாங்க" என்று அந்த வீட்டுக்கு அது பழகிவிட்டது.

நடுவில் நிற்பவர்களுக்கு

இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். ஏனென்றால் என்னைப் போலத் தூது போயே களைத்தவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். பெரும்பாலும் மூத்த பிள்ளைகள்.

முர்ரே போவன் என்ற மனநல மருத்துவர் குடும்பத்தை ஒரே கட்டமைப்பாகப் பார்த்து ஒரு கோட்பாடு எழுதினார். அதில் முக்கோணம் என்று ஒன்று வரும். இரண்டு பேருக்கு இடையில் இறுக்கம் கூடும்போது அவர்கள் மூன்றாவது ஆளை உள்ளே இழுப்பார்கள். உடனே இருவருக்கும் பாரம் குறையும். பிரச்சினை மட்டும் அப்படியே இருக்கும், அதன் எடை மூன்றாவது ஆளின் தோளில் ஏறியிருக்கும். இதைப் படித்த அன்று எனக்கு அழுகை வந்தது. எங்கள் கூடத்தில் தண்ணீர் சொம்போடு அப்பாவுக்கும் தம்பிக்கும் நடுவே நடந்துகொண்டிருந்த என்னை யாரோ வெளியிலிருந்து பார்த்து எழுதியது மாதிரி இருந்தது.

அந்த முக்கோணத்திலிருந்து வெளியே வருவது என்றால் உறவை முறித்துக்கொள்வது என்று பொருளில்லை. இருவரோடும் நெருக்கமாகவே இருக்க வேண்டும். ஒருவரைப் பற்றி மற்றவரிடம் பேசுவதை மட்டும் நிறுத்த வேண்டும். சொல்வதற்கு எளிது. போன வருடம் முதல் நாள் இரவு நடந்ததைச் சொல்கிறேன்.

சமையலறையில் அம்மா ஒரு பெரிய பாத்திரத்தின் அடியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கறை போய் ரொம்ப நேரம் ஆகியும் தேய்ப்பது நிற்கவில்லை. என்னைப் பார்க்காமலேயே, "உன் தம்பி வந்து நாலு மணி நேரம் ஆச்சு. என்கிட்ட ஒரு வார்த்தை பேசினானா? நீயாவது சொல்லக் கூடாதா?" என்றாள். பழைய நானாக இருந்தால் அப்படியே கூடத்துக்குப் போய்த் தம்பியைத் திட்டியிருப்பேன். அவன் இருபது குற்றம் சொல்லியிருப்பான், நான் அதை வடிகட்டி அம்மாவிடம் கொண்டு வந்திருப்பேன். அன்று, "அவன் பேசலைன்னு உனக்கு வலிக்குதும்மா, புரியுது. ஆனா அதை அவன்கிட்ட நீயே சொன்னாத்தான் சரியா இருக்கும்" என்றேன். என் குரல் நடுங்கியது. அம்மா குழாயை மூடினாள். "நீயும் மாறிட்ட" என்றாள்.

இந்த "நீயும் மாறிட்ட" எல்லாருக்கும் வரும். ஒருவர் தன் பழைய இடத்திலிருந்து நகர்ந்தால் பழையபடி இழுத்து உட்கார வைக்க மற்றவர்கள் முயல்வார்கள் என்று போவனின் வழியில் வந்தவர்கள் முன்கூட்டியே எச்சரிக்கிறார்கள். அது வந்தால் நீங்கள் தப்புச் செய்துவிட்டதாக அர்த்தம் இல்லை. அந்த நேரத்தில் இரண்டு காரியம் செய்யாமல் இருந்தால் போதும்: பின்வாங்க வேண்டாம், விளக்கம் சொல்லிக்கொண்டே நிற்கவும் வேண்டாம். நான் அங்கிருந்து போகவில்லை. துண்டை எடுத்து, அம்மா கழுவி வைத்த பாத்திரங்களை ஒவ்வொன்றாகத் துடைத்து அடுக்கினேன். ஒரு மணி நேரம் அவள் பேசவே இல்லை. கடைசிக் கரண்டியைத் துடைக்கும்போது, "பாப்பாவுக்குப் போர்வை போதுமா?" என்று கேட்டாள். எனக்கு அது போதும்.

தம்பியிடமும் இதே அளவுகோல்தான். "அம்மா என்ன சொன்னாங்க?" என்று கேட்டால் "அம்மாகிட்டயே கேளுடா" என்பேன். ஒருவருக்கு ஒரு நியாயமும் இன்னொருவருக்கு வேறொன்றும் வைத்தால் முக்கோணம் மறுபடி கட்டிக்கொள்ளும்.

உடம்பு சூடாகும்போது

கோபமோ அழுகையோ தலைக்கு ஏறிய பிறகு எந்த நல்ல வாக்கியமும் உதவாது. தம்பதிகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த ஜான் காட்மன், இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 100ஐத் தாண்டிவிட்டால் எதிராளி சொல்வது காதில் சரியாக ஏறாது என்கிறார். உடம்பு அடங்கக் குறைந்தது 20 நிமிடமாவது ஆகும் என்பதும் அவர் சொல்வதுதான். எனவே எழுந்து போங்கள். "ஒரு இருபது நிமிஷத்தில வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போவது முக்கியம். சொல்லாமல் போனால் கோபித்துக்கொண்டு போனதாக எடுத்துக்கொள்வார்கள்.

எனக்கு மாடிப்படியின் ஏழாவது படிதான் இடம். மூச்சை நான்கு எண்ணும் வரை இழுத்து, ஆறு எண்ணும் வரை மெதுவாக விடுவேன். மூச்சை உள்ளே இழுக்கும்போது இதயம் சற்று வேகமாகத் துடிக்கும், வெளியே விடும்போது மெதுவாகும். அதனால் விடும் நேரத்தை நீட்டுவதில்தான் பலன் இருக்கிறது. ஐந்து நிமிடம் செய்தால் தோள் தானாக இறங்கும். எழுந்து போகவே முடியாத இடம் என்றால், பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாமல் உட்கார்ந்த இடத்திலேயே இதைச் செய்யலாம். குளிர்ந்த நீரை முகத்தில் அள்ளி அடிப்பதும் துடிப்பைக் குறைக்கும்.

அப்புறம், உணர்வுக்குப் பெயர் வையுங்கள். மனதுக்குள், ஒரே ஒரு சொல்லில். 2007இல் மாத்யூ லீபர்மனும் அவருடைய குழுவினரும் செய்த மூளை ஸ்கேன் ஆய்வில், கோபமும் பயமும் தெரியும் முகங்களைப் பார்த்து அந்த உணர்வுக்குப் பொருத்தமான சொல்லைத் தேர்ந்தெடுத்தபோது, பயத்தோடு தொடர்புள்ள அமிக்டலா என்ற மூளைப் பகுதியின் பரபரப்பு குறைந்தது. படியில் உட்கார்ந்து "கோபம்" என்று சொல்லிப் பார்ப்பேன். பல சமயம் அது ஒட்டாது. "அவமானம்" என்று சொன்னதும் ஒட்டும். சரியான சொல் கிடைத்ததும் நெஞ்சில் ஏதோ ஒன்று தளர்வது தெரியும்.

அந்த இருபது நிமிடத்தில் திரும்பிப் போய் என்ன பதிலடி கொடுக்கலாம் என்று மட்டும் ஒத்திகை பார்க்காதீர்கள். பார்த்தால் உடம்பு இறங்கவே இறங்காது.

தூக்கமும் இதில் சேர்ந்ததுதான். நடு இரவுவரை கூடத்தில் பேசிக்கொண்டிருக்க வேண்டும் என்ற கட்டாயம் வேண்டாம். தூக்கம் கெட்ட மறுநாள் சின்னச் சொல்லும் பெரிதாகக் குத்தும். மது உள்ள வீடு என்றால், அது தூங்க வைப்பது போலத் தெரிந்தாலும் பின்னிரவில் தூக்கத்தைக் குலைக்கும், காலையில் படபடப்பைக் கூட்டும்.

காலியாக இருக்கும் நாற்காலி

ஒருவரை இழந்த பிறகு வரும் விடுமுறைக்குத் தனிக் கனம் உண்டு. முதல் வருடம் ஜன்னலோரம் இருந்த அப்பாவின் நாற்காலியை எல்லாரும் சுற்றிக்கொண்டு நடந்தோம். அவர் பெயரை ஒருவரும் எடுக்கவில்லை. எடுத்தால் அம்மா உடைந்துவிடுவாள் என்று நாங்களும், நாங்கள் உடைந்துவிடுவோம் என்று அம்மாவும் மூன்று நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருக்கிறோம்.

துக்கம் என்பது ஒரே திசையில் நடக்கும் பயணம் கிடையாது. மார்கரெட் ஸ்ட்ரோபே, ஹெங்க் ஷுட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1999இல் இதை விளக்கினார்கள். இழப்பை நினைத்துக் கரைவதும், அதை விட்டுவிட்டு அன்றாட வாழ்க்கைக்குள் போவதும் என்று மனம் இரண்டுக்கும் மாறி மாறிப் போய்வரும். அந்த ஊசலாட்டமே ஆரோக்கியமானதுதான். ஆகவே காலையில் அழுதுவிட்டு மதியம் பிள்ளைகளோடு விழுந்து விழுந்து சிரித்தால் குற்ற உணர்வு வேண்டாம். சிரித்துக்கொண்டிருக்கும்போது திடீரென்று தொண்டை அடைத்தாலும் பயம் வேண்டாம்.

போன வருடம் ஐந்து நிமிடம் கேட்டேன். "சாப்பிடும் முன்னாடி அப்பாவைப் பத்தி ஆளுக்கு ஒரு விஷயம் சொல்லலாம். சொல்ல விருப்பமில்லாதவங்க சும்மா இருக்கலாம்." அப்பாவின் கண்ணாடிக் கூட்டை மேசையில் வைத்தேன். ஓரம் தேய்ந்து உள்ளட்டை தெரியும் பழைய கூடு. மகள் முதலில் சொன்னாள், அப்புறம் பெரியம்மா. தம்பி கதவருகில் நின்றுகொண்டிருந்தான். அவன் சொல்வான் என்று நான் நினைக்கவில்லை. "நான் கணக்குல தப்புப் பண்ணினா திட்ட மாட்டார். பென்சிலை என் கையில கொடுத்துட்டு வெளிய போயிடுவார். நான் கண்டுபிடிக்கிற வரைக்கும் உள்ள வர மாட்டார்." அவ்வளவுதான் சொன்னான். சொல்லிவிட்டு வெளியே போய்விட்டான்.

இறந்தவருக்காக அழலாம் என்று எல்லாருக்கும் தெரியும். உயிரோடு இருந்தும் உறவில் இல்லாதவர்களுக்காக அழ அனுமதி இல்லாதது போல ஒரு நினைப்பு இருக்கிறது. பாலின் பாஸ் என்ற அறிஞர் இதை நிச்சயமற்ற இழப்பு என்ற வகையில் சேர்க்கிறார். ஆள் இருக்கிறார், உறவு இல்லை. முடிவும் தெரியாது. உங்கள் வீட்டு நாற்காலி இந்த மாதிரி காலியாக இருந்தால், அதுவும் துக்கம்தான். அதற்கும் அழுங்கள், அதைப் பற்றியும் நம்பும் ஒருவரிடம் பேசுங்கள்.

போகவே வேண்டாத வீடுகள்

மேலே சொன்னதெல்லாம் வலி இருந்தாலும் ஆபத்து இல்லாத குடும்பங்களுக்கு. அடிக்கும் கை இருக்கும் வீட்டுக்கு, உங்களையோ உங்கள் குழந்தையையோ தவறாகத் தொட்ட ஆள் உட்கார்ந்திருக்கும் வீட்டுக்கு, மூச்சுப் பயிற்சியோடு போகச் சொல்லி எந்த வழிகாட்டியும் எழுதக் கூடாது. போகாதீர்கள். "இந்த வருஷம் வரலை" என்ற மூன்று சொல் போதும், ஊருக்கெல்லாம் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

போகாமல் இருக்கும் நாளையும் வெறுமையாக விடாதீர்கள். காலை, மதியம், மாலை என்று மூன்றுக்கும் ஒவ்வொரு காரியம் முன்கூட்டியே குறித்து வையுங்கள். அதில் ஒன்றாவது இன்னொரு மனிதரோடு இருக்கட்டும். தனியாக இருக்கும் தோழியை வீட்டுக்கு அழைக்கலாம். உயிரோடு இருந்து என்ன பயன் என்ற எண்ணம் தலைகாட்டினால் அதைத் தனியாகச் சுமக்காதீர்கள். உங்கள் நாட்டின் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணை இப்போதே ஃபோனில் சேமித்து வையுங்கள், அந்த நேரத்தில் தேடத் தெம்பு இருக்காது. உடனடி ஆபத்து என்று தோன்றினால் அவசர உதவி எண்ணை அழையுங்கள், அல்லது பக்கத்தில் இருப்பவரை எழுப்புங்கள்.

திரும்பி வந்ததும்

ஞாயிறு இரவு வந்து திங்கள் காலை வேலைக்கு ஓடாதீர்கள். முடிந்தால் ஒரு நாள், இல்லையென்றால் அரை நாளாவது காலியாக வையுங்கள். நான் அன்று துவைப்பேன், தூங்குவேன், மாலையில் நோட்டை எடுப்பேன். பயந்த மூன்று இடங்களும் எப்படிப் போயின? எந்த வரி வேலை செய்தது, எது செய்யவில்லை? நினைக்காத நல்லது ஏதாவது நடந்ததா? அதையும் எழுதுங்கள், மனம் கெட்டதை மட்டும்தான் பத்திரப்படுத்தும். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் வராமல், எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால் மருத்துவரையோ ஆலோசகரையோ பாருங்கள். நான் இரண்டு வருடம் தள்ளிப்போட்டேன். நீங்கள் அவ்வளவு காத்திருக்க வேண்டாம்.

போன வருடம் நாங்கள் திரும்பிய மூன்றாம் நாள் இரவு தம்பி கூப்பிட்டான். அம்மாவைப் பற்றித்தான் புகார் சொல்லப் போகிறான் என்று நினைத்து, என் வரியை மனதுக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டு ஃபோனை எடுத்தேன். அம்மாவைப் பற்றி அவன் எதுவும் சொல்லவில்லை. "அக்கா, அப்பாவோட பென்சில் டப்பா அங்க இருக்கா?" என்று கேட்டான். "தெரியலைடா" என்றேன். "அம்மாகிட்டக் கேளு."